காரின் சூட்டை லேப்டாப்பில் பார்க்கலாம்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. கடிதம் டைப் செய்து பார்த்தாகிவிட்டது, போட்டோக்களை ஏற்றியாகிவிட்டது. இனி இதை வைத்து வேறு என்ன செய்யலாம் என்பது புதிதாக வாங்கியவர்கள் பலரும் கேட்கும் கேள்வி. உங்கள் வீட்டில் 2013க்குப் பின் வந்த கார் ஒன்று நின்றுகொண்டிருந்தால், உங்கள் லேப்டாப்புக்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. அந்த வேலை எனக்கு ரூ.32 ஆயிரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது. எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2023 மே மாதம் குடும்பத்துடன் சேலத்திலிருந்து ஏற்காடு போனோம். என் கார் 2014ல் வந்த பெட்ரோல் கார். மலைப் பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். 14வது வளைவைத் தாண்டியபோது பானட்டின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. டேஷ் போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கு எரியவே இல்லை. என் காரில் டெம்பரேச்சர் முள் கிடையாது. குளிர்ந்த எஞ்சினுக்கு நீல விளக்கு, கொதிக்கும் எஞ்சினுக்கு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, மெதுவாக இறங்கி வந்தோம். மறுநாள் ஒர்க் ஷாப்பில் பார்த்தவர், "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், எஞ்சினைப் பிரிச்சாதான் சரியாகும்" என்றார். அவர் எழுதிக் கொடுத்த தொகைதான் மேலே சொன்ன 32 ஆயிரம். எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கூலண்ட் குறைகிறது, ஆனால் வெளியே ஒழுகவில்லை, எனவே எஞ்சினுக்குள்தான் போகிறது என்றார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பிரிப்பதற்கு முன் ஒருமுறை நானே பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்

இன்றைய கார்களில் எஞ்சினைக் கவனிக்க ஒரு சிறிய கம்ப்யூட்டர் உண்டு. எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்ட்டின் வெப்பம், எஞ்சின் சுழலும் வேகம், கார் ஓடும் வேகம் ஆகியவை அதற்கு எப்போதும் தெரியும். அந்தத் தகவல்களை வெளியே எடுக்க ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் ஓ.பி.டி.-2. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயம். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தருகே குனிந்து பாருங்கள். 16 துளைகள் கொண்ட, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய சாக்கெட் ஒன்று தெரியும். அதுதான்.

இதை லேப்டாப்புடன் இணைக்க எல்ம் 327 என்ற சிப் பொருத்திய கேபிள் தேவை. இந்தச் சிப்பை உருவாக்கிய கனடா நாட்டு நிறுவனம் 2022ல் மூடப்பட்டுவிட்டது. இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நகல்கள். நம் வேலைக்கு நகலே போதும். புளூடூத்தில் இயங்குவது, யு.எஸ்.பி.யில் இயங்குவது என இரண்டு வகை உண்டு. புதியவர்கள் யு.எஸ்.பி. கேபிள் வாங்குவது நல்லது. புளூடூத் இணைப்பில் தடுமாறி நேரம் போக்க வேண்டியிருக்காது.

மொபைலில் இதற்கு அப்ளிகேஷன்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன, நன்றாகவும் வேலை செய்கின்றன. ஆனால் அவை காட்டும் அழகான மீட்டருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. லேப்டாப்பில் நாமே கேள்வி கேட்டு, நாமே பதிலைப் படித்தால் கம்ப்யூட்டரைப் பற்றியும் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். அதனால் அந்த வழியையே சொல்கிறேன்.

இணைப்பது எப்படி?

கேபிளை லேப்டாப்பில் செருகவும். பின் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் டிவைஸ் மேனேஜர் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். அதில் போர்ட்ஸ் என்ற வரியை விரித்தால் யு.எஸ்.பி. சீரியல் என்று தொடங்கும் ஒரு வரியும், அதன் முடிவில் காம் 5 என்பது போல ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். வரியே இல்லை என்றால் கேபிளுக்கான டிரைவர் இன்ஸ்டால் ஆகவில்லை என்று பொருள்.

அடுத்து, காருடன் பேச ஒரு டெர்மினல் புரோகிராம் வேண்டும். எக்ஸ்பி காலத்தில் ஹைப்பர் டெர்மினல் விண்டோஸுடனேயே வந்தது. விஸ்டாவிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பட்டி என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. (நம் ஊர்ப் பெயர்களில் வரும் பட்டியைப் போலவே உச்சரிக்க வேண்டும்; ஆங்கிலத்தில் இது ஜன்னல் கண்ணாடிக்குப் பூசும் பசையின் பெயர்.) அதைத் திறந்து, கனெக்‌ஷன் டைப் என்பதில் சீரியல் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். சீரியல் லைன் கட்டத்தில் குறித்து வைத்த காம் எண்ணையும், ஸ்பீட் கட்டத்தில் 38400 என்றும் தரவும். இடது பக்கம் உள்ள பட்டியலில் லாக்கிங் என்பதில் கிளிக் செய்து, பிரிண்டபிள் அவுட்புட் என்பதைத் தேர்வு செய்து, பைலுக்கு ஒரு பெயர் கொடுக்கவும். இதை மறந்துவிட்டால் திரையில் ஓடிய எண்கள் எல்லாம் காற்றோடு போய்விடும். முதல் தடவை நான் மறந்தேன்.

இனி கேபிளின் மறுமுனையைக் கார் சாக்கெட்டில் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பவும். பட்டியில் ஓபன் பட்டனைத் தட்டினால் கருப்புத் திரை கிடைக்கும். எழுத்துகள் கிறுக்கலாக வந்தால் ஸ்பீட் எண் பொருந்தவில்லை. 9600 அல்லது 115200 என மாற்றிப் பார்க்கவும்.

முதலில் சிப்புக்குச் சில கட்டளைகள். எல்லாமே ஆங்கிலத்தில் ஏ, டி என்ற இரண்டு எழுத்துகளுடன் தொடங்கும். இடைவெளி விட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பின் எண்டர் தட்டவும். ஏ.டி.யுடன் இசட் சேர்த்தால் சிப் ரீசெட் ஆகும். ஏ.டி.யுடன் இ என்ற எழுத்தும் 0 என்ற எண்ணும் சேர்த்தால், நாம் டைப் செய்வதை அது திருப்பிச் சொல்லாது. எல் என்ற எழுத்தும் 1ம் சேர்த்தால் ஒவ்வொரு பதிலும் தனி வரியில் வரும். எஸ், பி, 0 சேர்த்தால் காரின் மொழியை அதுவே கண்டுபிடித்துக் கொள்ளும்.

இப்போது கேள்வி. 0105 என டைப் செய்து எண்டர் தட்டுங்கள். 01 என்றால் "இப்போதைய நிலவரம் சொல்". 05 என்றால் "கூலண்ட்டின் வெப்பம்". சற்று நேரம் தேடுவதாகச் சொல்லிவிட்டு 41 05 84 என்பது போல ஒரு பதில் வரும். 41 என்பது 01க்கான பதில் என்பதற்கு அடையாளம். 05 நாம் கேட்டது. கடைசி எண்தான் விடை.

84 டிகிரி என்று எண்ணிவிடாதீர்கள். அது ஹெக்ஸா டெசிமல் எண். நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். இது பதினாறு பதினாறாக எண்ணுகிறது. எட்டு பதினாறு 128, அதனுடன் 4 கூட்டினால் 132. இதிலிருந்து 40ஐக் கழிக்க வேண்டும். விடை 92 டிகிரி செல்சியஸ். ஏன் 40ஐக் கழிக்க வேண்டும்? ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். மைனஸ் எண்ணுக்கு இடமில்லை. ஆனால் பனி உறையும் நாடுகளில் கார் மைனஸ் 30 டிகிரியிலும் கிளம்ப வேண்டும். எனவே 0 என்பதையே மைனஸ் 40 என வைத்துக்கொண்டார்கள்.

சாதாரண கார் எப்படி இருக்கும்?

நோய் தெரிய வேண்டுமானால் ஆரோக்கியம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் வெப்பம் ஒரே சீராக ஏறும். பல கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் என்ற வால்வு திறந்து, ரேடியேட்டரில் உள்ள குளிர்ந்த கூலண்ட் உள்ளே வரும். அப்போது எண் இரண்டு மூன்று டிகிரி இறங்கி, பிறகு ஓரிடத்தில் நிலைக்கும். சிக்னலில் நின்றால் மீண்டும் ஏறும். 95, 100 என்று வரும்போது ஃபேன் ஓடத் தொடங்கி, எண்ணைக் கீழே இழுக்கும். என் காரில் 97ல் ஃபேன் ஓடியது, 92ல் நின்றது. வீட்டு வாசலில் இருபது நிமிடம் நிறுத்திவைத்துப் பார்த்தேன். கடிகாரம் போல் 97, 92, 97, 92 என்று மாறிக் கொண்டிருந்தது. ஃபேனும் தெர்மோஸ்டாட்டும் நன்றாக இருக்கின்றன என்பது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிட்டது.

நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை. ஃபேன் மோட்டார், அதன் ஃபியூஸ், ரிலே ஆகியவற்றைப் பாருங்கள். ஊருக்குள் சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் 90 கிலோ மீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்றால் காற்றைக் குறை சொல்ல முடியாது. ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், கூலண்ட் குறைந்திருக்கலாம், வாட்டர் பம்ப் சரியாகத் தள்ளாமல் இருக்கலாம். குளிர்ந்த எஞ்சின், நான் சொன்ன அந்தச் சிறிய இறக்கமே இல்லாமல் நேராக மேலே போய்க்கொண்டே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. நெடுஞ்சாலையில் அரை மணி ஓட்டியும் 80ஐத் தொடவில்லை என்றால் அது மூடவில்லை. இந்தக் கடைசிக் கோளாறு ஆபத்தில்லாதது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெட்ரோல் செலவு ஏறும்.

எண் ஒரே நொடியில் 30 டிகிரி தாவினால் நம்பாதீர்கள். தண்ணீர் அப்படித் தாவாது; சென்சாரோ ஒயரோ பழுது. பல கார்களில் சென்சார் ஒயர் கழன்றால் 41 05 00 என்ற பதில் வரும். சேலத்து மே மாதத்தில் மைனஸ் 40!

இங்கே மிக முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சென்சார் கூலண்ட்டில் மூழ்கி இருந்தால்தான் அதன் வெப்பத்தைச் சொல்லும். கூலண்ட் முழுவதும் வெளியேறிவிட்டால் அது காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது எண் குறைவாகக் காட்டலாம். என் காரில் சிவப்பு விளக்கு எரியாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். கூலண்ட் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விக்கு 0105ல் பதில் இல்லை. ஓடும்போது எண் திடீரென இறங்கி, ஹீட்டரிலும் சூடான காற்று வராமல் போனால் உடனே நிறுத்துங்கள்.

மீண்டும் மலைக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருந்தபோது ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பினேன். பக்கத்து பாட்டிலில் மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவில் நிறுத்தினேன். பின் இருக்கையில் லேப்டாப்புடன் என் மகள். ஓட்டுபவர் இந்த வேலையைச் செய்யவே கூடாது. 105ஐத் தொட்டால் எந்த இடமாக இருந்தாலும் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டோம்.

என் கார் கேன் என்ற முறையில் பேசும் கார். அத்தகைய கார்களில் ஒரே கேள்வியில் இரண்டு விவரம் கேட்கலாம். 01050 என்பதோடு ஆங்கில எழுத்து டி சேர்த்தால் வெப்பத்துடன் வேகமும் வரும். அதன்பின் வெறும் எண்டர் தட்டினாலே சிப் முந்தைய கேள்வியைத் திரும்பக் கேட்கும். மொபைலில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு மகள் பத்து நொடிக்கு ஒரு எண்டர் தட்டினாள். "அப்பா, இதுக்கு ஒரு புரோகிராம் எழுதக் கூடாதா?" என்று ஐந்தாவது வளைவிலேயே கேட்டுவிட்டாள். எழுதலாம்தான்.

சமதளத்தில் 90க்குப் பக்கத்தில் இருந்த எண், வளைவுகள் தொடங்கியதும் 95, 98, 100 என்று ஏறியது. 12வது வளைவுக்குப் பிறகு 102. பிறகு 41 05 90 என்று தொடங்கும் பதில் வந்தது. 90 என்றால் ஒன்பது பதினாறு 144, கழித்தல் 40, ஆக 104. அதே நேரம் முன்பக்கம் சோறு கொதிப்பது போல் கொடகொடவென்று சத்தம். அகலமான இடம் பார்த்து நிறுத்தி, பானட்டைத் தூக்கினேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. சூடான எஞ்சினில் அதைத் திறந்தால் கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும். பாட்டிலை மட்டும் பார்த்தேன். உள்ளே குமிழி குமிழியாகக் கொதித்து, மேல்புறம் வழிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து லாக் பைலை எக்ஸெல்லில் திறந்தோம். டெலிமிட்டட், ஸ்பேஸ் எனத் தேர்வு செய்தால் ஒவ்வொரு எண்ணும் தனித்தனி நெட்டு வரிசையில் அமரும். மூன்றாவது வரிசை வெப்பம், ஐந்தாவது வேகம். வேண்டாத வரிகளை அழித்துவிடவும். ஹெக்ஸ்2டெக் என்ற பங்ஷன் (ஆங்கிலத்தில் எழுதவும், நடுவில் எண் 2) மாற்றும் வேலையைச் செய்துவிடும். வெப்பத்துக்கு மட்டும் 40ஐக் கழியுங்கள். வேகத்துக்குக் கழிக்க வேண்டாம். 28 என்று இருந்தால் மணிக்கு 40 கிலோ மீட்டர். இரண்டு வரிசைகளையும் தேர்ந்தெடுத்து இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட் கொடுத்தால் கோடு தயார்.

கோட்டைப் பார்த்தபோது திடீர்ப் பாய்ச்சல் எதுவும் இல்லை. ஏற்றத்துக்கு ஏற்ப மெதுவாக ஏறியிருந்தது. சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. கனமான ஏற்றத்தில் மே மாத வெயிலில் 104 என்பது அதிகம்தான், ஆனால் அபாயம் அல்ல. அப்படியானால் 104ல் ஏன் கொதித்தது?

இந்தக் கேள்வியில்தான் விடை இருந்தது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்தோம். அது கடல் மட்டத்தில், திறந்த பாத்திரத்தில். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதிக்கும். காரின் கூலிங் சிஸ்டம் திறந்த பாத்திரம் அல்ல, குக்கர். ரேடியேட்டர் மூடியில் உள்ள ஸ்பிரிங், உள்ளே ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. 104ல் கொதித்தது என்றால் குக்கரின் கேஸ்கெட் போய்விட்டது. நானும் பலமுறை வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றி, கூலண்ட்டை நீர்க்கச் செய்திருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது.

மறுநாள் காலை குளிர்ந்தபின் மூடியைத் திறந்தேன். பாட்டிலில் மேக்ஸ் கோடு வரை இருந்தது. ரேடியேட்டரிலோ ஒரு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது! மூடியில் இரண்டு வால்வுகள். ஒன்று அழுத்தம் மிகும்போது கூலண்ட்டைப் பாட்டிலுக்கு அனுப்பும். மற்றது எஞ்சின் ஆறும்போது அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். என் மூடியில் இரண்டுமே செத்துவிட்டன. பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டு கூலண்ட் நிறைய இருக்கிறது என்று நான் மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். ரேடியேட்டரில் மூடி உள்ள கார் வைத்திருப்பவர்கள், எஞ்சின் ஆறியிருக்கும்போது மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் கலந்ததாக இருக்கட்டும். கூலண்ட் இனிப்புச் சுவையுள்ள விஷம். குழந்தைகள், நாய், பூனை அருகில் சிந்திவிடாதீர்கள்.

வேறொரு மெக்கானிக்கிடம் கோட்டையும் மூடியையும் காட்டினேன். கோட்டை அவர் பார்க்கவே இல்லை. மூடியைக் கைப்பம்பில் மாட்டி அழுத்தினார். 1.1 என்று எழுதியிருந்த மூடி 0.3லேயே விட்டுவிட்டது. ரப்பர் கல்லாக இறுகி வெடித்திருந்தது. ஹெட் கேஸ்கெட்டையும் சோதிக்கச் சொன்னேன். எஞ்சின் புகை கூலண்ட்டில் கலக்கிறதா என்று பார்க்க ஒரு நீல நிறத் திரவம் இருக்கிறது; கலந்தால் மஞ்சளாக மாறும். அது நீலமாகவே இருந்தது. புது மூடி ரூ.350.

ஜூன் மாதம் மறுபடி மலை ஏறினோம். லாக் பைலில் அதிகபட்சம் 102. முன்னைவிட இரண்டு டிகிரிதான் குறைவு. ஆனால் கொடகொட சத்தம் இல்லை, பாட்டில் வழியவில்லை, மறுநாள் ரேடியேட்டர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் எதுவுமே மாறவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

வேலை முடிந்ததும் கேபிளை மறக்காமல் கழற்றிவிடுங்கள். அந்தச் சாக்கெட்டில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் பேட்டரி இறங்கும். நகல் கேபிளுடன் வரும் சி.டி.யில் உள்ள புரோகிராம்களில் "கிளியர் கோட்" என்று ஒரு பட்டன் இருக்கும். மெக்கானிக் பார்க்கும் முன் அதைத் தட்டிவிடாதீர்கள். கார் எழுதி வைத்திருக்கும் கோளாறு எண்கள் அழிந்துவிடும்.

புது மூடி போட்ட மூன்றாவது வாரம் மேல் ஹோஸின் கிளாம்ப் அருகே இளஞ்சிவப்பாக உப்புப் பூத்தது போல் ஒரு கறை கண்ணில் பட்டது. ஒன்பது வருடப் பழைய ஹோஸ். இத்தனை நாள் அழுத்தமே இல்லாததால் ஒழுகாமல் இருந்தது, இப்போது கசிகிறது. லாக் பைலில் அதற்கு ஒரு தடயமும் இல்லை. ஹோஸையும் மாற்றிவிட்டேன்.